கல்வடோஸ்: அப்பிள் எசன்ஸ் கலந்த பிராந்தியா?

வாசகர் கேள்வி, 05.10.2024

பாரிசில இருந்து வந்த மாமா ஒரு போத்தல் தந்தவர். கல்வடோஸ் எண்டு எழுதியிருக்கு. மூடியைத் திறந்தா அப்பிள் மணம், குடிச்சா பிராந்தி மாதிரி எரியுது. சாதாரண பிராந்திக்குள்ள அப்பிள் எசன்ஸ் விட்டு விக்கிறாங்கள் எண்டதுதான் என்ர முடிவு. மாமா 60 யூரோ குடுத்தவராம். பிரான்சில இருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ, மாமாவை ஏமாத்திப்போட்டாங்களா?

05.10.2024, இரவு 11.50

ஏமாற்றவில்லை, தம்பி. எசன்ஸ் ஒரு சொட்டும் இல்லை. பிரான்சின் நோர்மண்டிப் பக்கத்தில் ஒரு உணவகக் குசினியில் 21 வருடமாக நிற்கிறேன். உப்பு, எண்ணெய் மாதிரி இந்தப் போத்தலும் எனக்குக் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிற சாமான்.

அப்பிளைப் பிழிந்து சாறு எடுப்பார்கள். சாறு நொதித்துச் சைடர் ஆகும். சைடரைக் காய்ச்சி வடித்தால் பச்சைத் தண்ணீர் போல நிறமில்லாத சாராயம் இறங்கும். அதை ஓக் மரப் பீப்பாய்க்குள் குறைந்தது 2 வருடம் வைத்த பிறகுதான் கல்வடோஸ் என்ற பெயரை ஒட்டலாம். கொன்யாக் திராட்சை வைனில் வடித்தது, இது சைடரில் வடித்தது. போத்தலின் மஞ்சள் நிறத்தில் பெரும் பங்கு ஓக் மரம் கொடுத்தது.

விலைக்குக் கணக்குப் பாருங்கள். சைடரில் அல்ககோல் ஏறக்குறைய 5 வீதம். வடிகலத்தில் இருந்து இறங்குவது 70 வீதம். அப்போது 1 லீட்டருக்கு 14 லீட்டர் சைடர் வேண்டும், அதற்கு 20 கிலோ அப்பிளாவது போகும். பீப்பாய்க்குள் இருக்கிற காலத்தில் வருடா வருடம் கொஞ்சம் ஆவியாகிப் போய்விடும். அதைச் சம்மனசுகளின், அதாவது தேவதூதர்களின், பங்கு என்பார்கள் இங்கே.

06.10.2024

நேற்றைய கணக்கை ஒருவர் பிடித்துவிட்டார், சரியான பிடி. 70 வீதத்தில் யாரும் போத்தலில் அடைப்பதில்லை. தண்ணீர் சேர்த்து மெல்ல மெல்ல 40 அல்லது 42க்கு இறக்குவார்கள், 40க்குக் கீழே போக விடமாட்டார்கள். ஆகவே மாமாவின் 70 சென்ரிலீட்டர் போத்தலுக்குள் இருப்பது 5.6 லீட்டர் சைடர். அப்பிளில் சொன்னால் ஏறக்குறைய 8 கிலோ. சம்மனசுகளின் பங்கு இதற்குள் சேராது.

06.10.2024, பின்னேரம்

"கடையில் கிலோ 2 யூரோவுக்கு அப்பிள் கிடக்கு, நானே செய்து பார்க்கலாமா" என்று ஒருவர் கேட்கிறார். அனுமதி இல்லாமல் வீட்டில் வடிப்பது இங்கே சட்டவிரோதம், அதை விடுங்கள். கடை அப்பிளும் உதவாது, சைடருக்கென்று வேறு அப்பிள் இருக்கிறது.

வந்த முதல் வருடம், ஐப்பசி மாதம், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் மரத்தடி முழுக்கச் சின்னச் சின்ன அப்பிள்கள் விழுந்து கிடந்தன. யாரும் பொறுக்கவில்லை. எவ்வளவு பழம் வீணாகப் போகுது என்று வயிறு எரிந்து, ஒன்றை எடுத்துத் துடைத்துக் கடித்தேன். பச்சை வாழைக்காய்த் தோலை மென்றது மாதிரி வாய் முழுக்கக் கயர். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு மூன்று தரம் துப்பியும் போகவில்லை. அந்தக் கயர்தான் சைடரின் முதுகெலும்பு என்று விளங்க எனக்குப் பல வருடம் எடுத்தது.

சைடர் அப்பிளை நாலு வகையாகப் பிரிப்பார்கள்: கசப்பு, கசப்பினிப்பு, இனிப்பு, புளிப்பு. இனிப்பு அல்ககோலாக மாறும். கயரும் கசப்பும் உடம்பு கொடுக்கும். புளிப்பு உயிர் கொடுக்கும், பழுதாகாமலும் காக்கும். தனி ஒரு வகையில் நல்ல சைடர் வருவது குறைவு. பினே ரூஜ், பெதான், ஃப்ரெக்கான் ரூஜ், ரம்போ என்று தோட்டக்காரர்கள் மரத்துக்கு மரம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், விலாட்டு என்று நாங்கள் மாமரத்தைச் சொல்வது போலத்தான்.

13.10.2024

இன்று விடுமுறை. எங்கள் குசினிக்குச் சைடர் கொண்டுவருகிற முதியவரின் தோட்டத்துக்குப் போனேன். வயது 78. மாடும் வைத்திருக்கிறார். இந்தப் பக்கத்துப் பழைய தோட்டங்களில் மரம் உயரமாக நிற்கும், கீழே புல், புல்லில் மாடு. ஒரே காணியில் பாலும் பழமும். நோர்மண்டிச் சமையலில் வெண்ணெயும் கிரீமும் அப்பிளும் பிரிக்க முடியாமல் கிடப்பது இந்தக் காணியால்தான்.

நீளத் தடியின் நுனியில் கொளுக்கி. கொப்பில் மாட்டி உலுப்பினால் மழை போல விழும். பழுத்தது தானாக விழட்டும் என்று பெரும்பாலும் காத்திருப்பார், கடைசியில்தான் தடி எடுப்பார். பொறுக்கிய பழத்தைக் கொட்டிலில் குவித்துக் கொஞ்சக் காலம் விடுவார். விரலால் அமத்திப் பார்த்து, உள்ளே போனால் சரி. இன்றைக்கு ஒரு குவியலுக்குள் கை விட்டேன். உள்ளே இளஞ்சூடு. மணம் தேனுக்கும் ஈர வைக்கோலுக்கும் நடுவில்.

இன்றைக்குத்தான் 'பழுப்புத் தொப்பி'யைக் கிட்ட நின்று பார்த்தேன். பிழிந்து சில நாளான சாறு ஒரு தொட்டியில் நிற்கிறது. மேலே இரண்டு விரல் தடிப்பில் பழுப்புக் களி, பாலாடை மாதிரி. அப்பிளில் இருக்கிற பெக்ரின் என்ற பசைச்சத்து சுண்ணச்சத்தோடு சேர்ந்து களியாகி, நொதிப்பில் எழுகிற குமிழி அதைத் தூக்கி மேலே கொண்டுவந்துவிடும். பாரமானது அடியில் படிந்துவிடும். நடுவில் நிற்பது கண்ணாடி போலத் தெளிந்த சாறு. அவர் பக்கத்துக் குழாயைத் திறந்து அதை மட்டும் அடுத்த தொட்டிக்கு இறக்கினார். களி ஒரு துணுக்கும் வரக்கூடாது என்று குழாய்க்குக் கீழே வெள்ளைக் கிண்ணம் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். களியோடு ஈஸ்ட்டுக்குத் தேவையான சத்தில் ஒரு பகுதியும் போய்விடுவதால், ஈஸ்ட் பசியோடு மெதுவாக வேலை செய்யும். மாதக்கணக்கு எடுக்கும். கடைசியில் கொஞ்சம் இனிப்பு மிஞ்சும்.

முடிக்க மணி மூன்று. "ஒரு சொட்டு?" என்று கேட்டார். இங்கே சாராயத்துக்குச் செல்லப் பெயரே 'சொட்டு'தான், பிரெஞ்சில் லா கூத்.

15.10.2024

மேலே எழுதியதில் ஒன்று குழப்பும். பழுப்புத் தொப்பி வேலை குடிக்கிற சைடருக்கு. வடிக்கிற சைடரில் இனிப்பு மிஞ்சவே கூடாது. மிஞ்சினால் அது அல்ககோலாகாமல் போன அப்பிள், வீண். அதை முழுக்க நொதிக்க விட்டு, உலர்ந்து புளித்த பிறகுதான் காய்ச்சுவார்கள். இரண்டும் ஒரே கொட்டிலில், பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் நின்றன. பார்க்கும்போது வித்தியாசம் தெரியவில்லை, குடித்துப் பார்த்தால் தெரியும்.

15.10.2024, இரவு

ஸ்பானியக் கப்பல் கதையை ஒருவர் போட்டிருக்கிறார்: 1588இல் ஆர்மடா என்ற ஸ்பானியப் போர்க்கப்பல் படையின் 'சால்வடோர்' என்ற கப்பல் இந்தக் கரையில் பாறையில் மோதி உடைய, அந்தப் பெயர் திரிந்து கல்வடோஸ் ஆனதாம். இதே கதையைப் பல வருடம் நானும் புதிதாக வருகிற பொடியன்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் அதை ஏற்பதில்லை. கரைக்கு அப்பால் கடலில் கிடக்கிற பாறைத் திட்டுக்குப் பழைய வரைபடங்களில் கல்வடோஸ் என்று பெயர். மொட்டை முதுகு என்ற பொருளுள்ள இலத்தீன் சொற்களில் இருந்து வந்ததாக ஒரு விளக்கம் இருக்கிறது. புரட்சிக்குப் பின் 1790இல் பிரான்சை மாவட்டங்களாக வெட்டியபோது இந்தப் பகுதிக்குக் 'கீழ் ஓர்ன்' என்று பெயர் வைக்க இருந்தார்கள், பிறகு பாறையின் பெயரை வைத்தார்கள். சாராயத்துக்கு அந்தப் பெயர் அதற்கும் பிந்தியது.

சாராயம் பெயரைவிடப் பழையது. கொத்தந்தான் தீபகற்பத்தில் ஜில் து கூபெர்வில் என்ற ஒரு சிறு பிரபு தினமும் கணக்கும் நடப்பும் எழுதிவைத்தவர். சைடரை வடிப்பது பற்றி அவர் 1553இல் எழுதிய வரிதான் இதற்குக் கிடைத்த முதல் எழுத்துச் சான்றாகக் காட்டப்படுகிறது.

20.10.2024

கல்வடோஸ் ஒன்றல்ல, மூன்று. போத்தலில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

ஒன்று, வெறும் 'கல்வடோஸ்'. நோர்மண்டியின் பெரும் பகுதிக்கும் பொது. பெரும்பாலும் உயரமான நிரல் வடிகலத்தில், ஒரே ஓட்டத்தில் வடித்தது.

இரண்டாவது 'கல்வடோஸ் பேய் டோஜ்'. பேய் என்று வாசித்துப் பயப்பட வேண்டாம், பிரெஞ்சில் நாடு, பிரதேசம் என்று பொருள். ஓஜ் பிரதேசம். இங்கே செம்புப் பானை வடிகலத்தில் இரண்டு தரம் வடிக்க வேண்டும் என்பது சட்டம். முதல் தரம் இறங்குவது 30 வீதத்துக்குக் கிட்ட நிற்கிற கலங்கலான 'சிறு தண்ணீர்'. அதைத் திரும்பப் போட்டு வடிப்பதுதான் நல்ல காய்ச்சல். முதலில் வருகிற தலையையும் கடைசியில் வருகிற வாலையும் ஒதுக்கிவிட்டு நெஞ்சை மட்டும் எடுப்பார்கள். எந்த இடத்தில் வெட்டுவது என்று அளவுகோல் சொல்லும், ஆனாலும் வடிக்கிறவர் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து மணந்து பார்ப்பார்.

மூன்றாவது 'தொம்ஃப்ரொந்தே'. தெற்கே தொம்ஃப்ரோன் பக்கம். அந்த மண்ணுக்கு அப்பிளைவிடப் பெயார்ஸ் நன்றாக வரும். வீட்டு உயரத்துக்கு நிற்கிற பெரிய மரங்கள், சித்திரை மாதம் பூக்கும்போது கல்யாண வீட்டுக்குச் சோடித்தது போல நிற்கும். இதில் குறைந்தது 30 வீதம் பெயார்ஸ் இருக்க வேண்டும், நிரல் வடிகலத்தில் ஒரு தரம் வடிக்க வேண்டும், 3 வருடம் ஓக்கில் இருக்க வேண்டும். முதல் குறிப்பில் எல்லாவற்றுக்கும் 2 வருடம் என்று எழுதினேன், இதற்கு அது பிழை.

ஓஜ் பிரதேசத்துக்குப் பெயர்க் காப்பு, அதாவது அந்த இடத்துச் சாராயத்துக்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற சட்டக் காவல், 1942இல் கிடைத்தது. ஆண்டைப் பாருங்கள், ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலம். அல்ககோலை அரசு போர்த் தேவைக்கென்று பறிமுதல் எடுத்துக்கொண்டிருந்தபோது, பெயர்க் காப்பு உள்ள சாராயத்துக்கு அதில் இருந்து விலக்குக் கிடைத்தது. தங்கள் பீப்பாய்களைக் காப்பாற்றத்தான் அவசர அவசரமாகப் பெயர் வாங்கினார்கள் என்று இங்கே சொல்வார்கள். பொதுக் கல்வடோஸுக்கு முழுக் காப்பு 1984, தொம்ஃப்ரொந்தேக்கு 1997.

எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் தொம்ஃப்ரொந்தே. பேய் டோஜ்தான் உசத்தி என்று மேசைக்கு மேசை சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெயார்ஸ் மணம் போதும்.

23.10.2024

மெதனோல் என்ற நச்சு அல்ககோல் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இந்த வருடம் ஆனி மாதம் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60க்கு மேல் சனம் செத்த பிறகு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேலியாக எழுதியவர்கள் அந்த வரிகளை எடுத்துவிடுங்கள். செத்தவர்கள் கூலி வேலை செய்து, கையில் இருந்த காசுக்குக் கிடைத்ததை வாங்கிக் குடித்த சனம்.

அங்கே கொன்றது தொழிற்சாலை மெதனோல், வெளியில் இருந்து கலந்தது. பழத்தில் இயற்கையாகவே கொஞ்சம் மெதனோல் வரும், தானியத்தைவிட அப்பிளில் கூட. காரணம் மேலே சொன்ன அதே பெக்ரின். ஐரோப்பியச் சட்டம் சைடர்ச் சாராயத்துக்கு 100 லீட்டர் தூய அல்ககோலில் 1,000 கிராம் வரை விடுகிறது, வொட்காவுக்கு வெறும் 10 கிராம். 1,000 கிராம் என்றால் பயமாகத் தெரியும். ஒரு சிறு கிண்ணத்தில் அது வருவது மிகச் சொற்பம், கூடவே இருக்கிற சாதாரண அல்ககோல் அதன் நஞ்சாக்கத்தையும் தடுக்கிறது.

"தலையை வெட்டினால் மெதனோல் போய்விடும்" என்று ஊர்களில் சொல்வதை நம்ப வேண்டாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். தலையோடு போவது கூரிய மணமுள்ள வேறு பொருட்கள். மெதனோல் தண்ணீரோடும் அல்ககோலோடும் ஒட்டிக்கொண்டு கடைசி வரை பரவலாக வரும். கசிப்பில் மெதனோல் கலந்திருந்தால் எந்தக் கைப்பக்குவமும் அதைப் பிரித்து எடுக்காது. மணத்திலும் தெரியாது. இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் சொல்லிவையுங்கள்.

03.11.2024

முதியவர் இன்று தன் அப்பாவின் காலத்தைக் கதைத்தார். அவர் கதைத்ததை அப்படியே வைக்கிறேன்.

குளிர்காலத்தில் வடிகலம் ஊருக்கு வரும். சில்லுப் பூட்டிய வண்டியில் செம்புக் கலம், புகைக்குழாய் எல்லாம் ஏற்றி, தண்ணீர் ஓடுகிற இடமாகப் பார்த்து நிற்பாட்டுவார்கள். ஊர்ச்சனம் தங்கள் தங்கள் சைடரைப் பீப்பாயில் கொண்டுவந்து வரிசையில் நிற்கும். சொந்தத் தோட்டத்துப் பழத்தை வடிக்கிற உரிமைக்காரருக்குப் புயேர் து க்ரூ என்று பெயர். 10 லீட்டர் தூய அல்ககோல் வரை வரியே இல்லை. 50 வீதமாக எடுத்தால் 20 லீட்டர். ஒரு குடும்பத்துக்கு வருடச் சாமான்.

1960இல் அரசு அந்த உரிமையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாமல் ஆக்கியது. வைத்திருந்தவர் சாகும் வரை வைத்திருக்கலாம், பிறகு அவரின் மனைவி, அதோடு முடிந்தது. இவருக்கு அப்போது வயது 14. "அப்பாவுடைய மாட்டை எனக்குத் தந்தார்கள், காணியைத் தந்தார்கள், மரத்தைத் தந்தார்கள். அந்தப் பத்து லீட்டரை மட்டும் கல்லறைக்குள் வைத்தார்கள்" என்றார். பழமரம் உள்ளவர்கள் இன்றைக்கும் வடிப்பிக்கலாம், முன்கூட்டியே சுங்கத்தில் எழுதிக் கொடுத்து, வரி கட்டி. பழைய வரிசை இல்லை.

அவர் சொன்ன இன்னொன்று என் தலைக்குள் நிற்கிறது. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளுக்குச் சைடர் வைத்திருக்கிறார்கள். 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி உணவறையில் மது கொடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது 1956இல்தான். அதற்கு இரண்டு வருடம் முன்னர் பிரதமராக இருந்த மொந்தெஸ்-பிரான்ஸ் என்பவர்தான் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கத் தொடங்கியவர். இந்தப் பாரம்பரியத்தின் அழகை எழுதுகிறபோது இதையும் எழுத வேண்டும். விடிய வெள்ளனக் கோப்பிக்குள் கல்வா விட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போன தலைமுறை அது. அவரின் சிற்றப்பா 50 வயதைக் காணவில்லை.

04.11.2024

கஃபே கல்வா என்றால் என்ன என்று கேட்டவருக்கு: கோப்பியும் கல்வடோஸும். கோப்பி முடிந்த சூடான கோப்பைக்குள் கொஞ்சம் விட்டு அலசிக் குடிப்பது ரின்சேத், அலசல். அதற்கு மேல் இன்னொன்று சூர்-ரின்சேத், மேலலசல். கடைசியாகக் கதவடியில் ஒன்று விடுவார்கள், அதன் பெயர் 'பின்புறத்தில் ஒரு உதை'. போகிற வழியைப் பார் என்ற கருத்து.

த்ரூ நோர்மான், அதாவது நோர்மண்டிக் குழி: பெரிய விருந்தில் நடுவில் ஒரு மிடறு கல்வடோஸ், வயிற்றில் இடம் பண்ண. இப்போது பச்சை அப்பிள் சோர்பே என்ற பழ ஐசுக்கு மேல் ஊற்றிக் கொடுக்கிறோம். சமிபாட்டுக்கு உதவும் என்று ஆட்கள் சொல்கிறார்கள், உண்மையில் வயிறு காலியாவதை அல்ககோல் தாமதப்படுத்தும்.

17.11.2024

சமையல் பற்றிக் கேட்டார்கள், சுருக்கமாக. கான் நகரத்துக் குடல் கறியில் மாட்டுக்குடல், மாட்டுக்கால், கரட், வெங்காயம், சைடர், கொஞ்சம் கல்வடோஸ். மண்சட்டியை மாவால் ஒட்டி மூடி இரவு முழுக்க மெல்லிய சூட்டில் வைப்பார்கள். எங்கள் ஆட்டுக்குடல் கறி தெரிந்தவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும். கால் எலும்பில் இருந்து வருகிற பசை சாற்றைக் கெட்டியாக்கும், சைடரின் புளிப்பு கொழுப்பை வெட்டும். எங்களுக்குப் பழப்புளி செய்கிற வேலையை இங்கே சைடர் செய்கிறது.

சட்டிக்குள் விடுவதற்கு 2 வருடக் கல்வடோஸ் போதும். பழையதைச் சமையலில் விடாதீர்கள். பீப்பாய் கொடுத்த மணம் சூட்டில் போய்விடும்.

01.12.2024

மற்ற நாடுகளை விட்டுவிட்டேன் என்று குறை. அமெரிக்காவில் அப்பிள் ஜாக். நியூ ஜேர்சியில் லெயார்ட் குடும்பத்து வடிசாலை 1780இல் இருந்து. குடியேறிய ஆரம்ப காலத்தில் சைடரைப் பனிக்குளிரில் வெளியே வைத்து, உறைந்த பனிக்கட்டியை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடித்திருக்கிறார்கள். அதில் அல்ககோலோடு கூடாததும் சேர்ந்தே செறியும்.

இங்கிலாந்தில் சொமர்செட். அங்கே சைடர் ஆறாக ஓடியும் வடிப்பது அற்றுப்போயிருந்தது. ஜூலியன் ரெம்பர்லி என்பவர் 1989இல் அனுமதி எடுத்து மீண்டும் தொடங்கினார். பிரான்சில் இருந்து வந்த அவரின் இரண்டு வடிகலங்களுக்குப் பெயர் ஜோசஃபின், ஃபிஃபி. 'சொமர்செட் சைடர் பிராந்தி' என்ற பெயருக்கு 2011இல் ஐரோப்பியக் காப்பும் வாங்கிவிட்டார். ஒரு மனிதர் பிடிவாதமாக நின்றால் போன தொழில் திரும்பி வரும் என்று அதைப் பார்த்தபின் நம்புகிறேன். ஸ்பெயினின் அஸ்தூரியாசிலும் சைடர்ச் சாராயம் இருக்கிறது, அங்கே போகக் கிடைக்கவில்லை.

22.12.2024

கேள்வி கேட்ட தம்பி போத்தலின் படம் போட்டிருக்கிறார். 'ஓர் தாஜ்' என்று இருக்கிறது. வயதுக்கு அப்பாற்பட்டது என்று பொருள், சட்டப்படி உள்ளே இருக்கிற மிக இளைய சாராயத்துக்கும் 6 வயது. 'ஃபின்' என்றால் 2, 'வியூ' அல்லது 'றெசேர்வ்' என்றால் 3, 'வி.எஸ்.ஓ.பி.' என்றால் 4. மாமா நல்ல சாமான்தான் வாங்கியிருக்கிறார். ஐஸ் போட வேண்டாம், கோலா கலக்க வேண்டாம். வாய் ஒடுங்கின சின்னக் கிளாசில் ஒரு விரல் அளவு விட்டு, கைச்சூட்டில் பத்து நிமிடம் வைத்திருங்கள். முதலில் வருவது எரிவு, அது போன பிறகு அவித்த அப்பிள், பிறகு வெண்ணெய். மாமாவோடு இருந்து குடியுங்கள்.

22.12.2024, இரவு

"குடியைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா, எங்கட சனம் கெட்டது போதாதா" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். ஞாயமான கேள்வி. மறுமொழி எழுத இரண்டு தரம் தொடங்கி நிற்பாட்டினேன். இதைச் சொல்லாமல் என்னால் மறுமொழி சொல்ல முடியாது.

என் அப்பா வடமராட்சியில் பனை ஏறியவர். கள்ளுச் சீவுவதுதான் எங்கள் வீட்டுச் சாப்பாடு. அவர் ஒரு மிடறு குடித்து நான் காணவில்லை. விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா ஏறுவார். இடுப்பில் பாளைக்கத்தி, காலில் தளைநார், தோளில் முட்டி. நெஞ்சுத் தோல் பனையில் உரசி உரசிக் காய்த்துப்போய் இருக்கும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி, பூசாவிட்டால் மத்தியானத்துக்குள் கள். கள்ளுக்கு இந்தச் சைடரைப் போலக் குளிர்காலம் முழுக்கப் பொறுத்திருக்கத் தெரியாது. மரத்தில் இருக்கும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும், நேரத்துக்கு இறக்கித் தவறணைக்கோ வடிசாலைக்கோ கொண்டுபோக வேண்டும். மழை, காய்ச்சல், ஊரடங்கு எதற்கும் அது நிற்காது.

பள்ளிக்கூடத்தில் எங்கள் தொழிலின் பெயர் ஒரு வசவு. அப்பா என்ன செய்யிறார் என்று கேட்டால் தோட்டம் என்று சொல்வேன். அப்பாவுக்கு அது தெரியும் என்று பிறகுதான் அறிந்தேன்.

இங்கே வந்து, போத்தலில் குடும்பப் பெயரைப் பெரிதாக அச்சடித்து, அப்பாவின் படத்தையும் தாத்தாவின் படத்தையும் வாசலில் கொழுவி வைத்திருக்கிற ஆட்களைப் பார்த்தேன். அவர்களும் மரத்தில் இருந்து இறக்கி, நொதிக்க வைத்து, வடித்து விற்கிறவர்கள். எழுத்துக்கு எழுத்து நான் எழுதிக்கொண்டிருப்பது அதனால்தான், அக்கா. குடிக்கச் சொல்லி ஒரு வரியும் எழுதவில்லை.

05.01.2025

நேற்று முதியவர் வீட்டுக்குப் போனேன். பொயிலரடியில் கதிரை போட்டு இருந்தோம். போன மாதம் வடித்த சாராயத்தை மருமகன் பீப்பாயில் விட்டுக்கொண்டிருந்தான். மூடியில் சோக்கட்டியால் 2024 என்று எழுதினான்.

உன்னுடைய அப்பா என்ன செய்தவர் என்று கேட்டார். 21 வருடத்தில் இங்கே யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. சொன்னேன். அவருக்குப் பனை தெரியாது. ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் மரத்தைக் கீறி, தளைநார் எப்படிக் காலில் கிடக்கும், முட்டி எந்தப் பக்கம் தொங்கும், பாளையை எப்படிக் கட்டித் தட்டிச் சீவுவது என்று காட்டினேன். கத்தியின் வளைவைக் கீறும்போது மருமகனும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். எவ்வளவு உயரம் என்று கேட்டார். அவரின் கொட்டில் கூரையைக் காட்டி, அதைப் போல மூன்று என்றேன். உறையை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தார்.

ஒரு நாளைக்கு எத்தனை மரம் என்று கேட்டார். அதற்கு எனக்கு மறுமொழி தெரியவில்லை. இன்று காலை அண்ணாவுக்கு எடுத்துக் கேட்டேன். "விடிய பதினெட்டு, பின்னேரம் அதே பதினெட்டு. கடைசி வருசம் பன்னிரண்டு" என்றான். வெள்ளிக்கிழமை சைடர் கொண்டுவருவார், அப்போது சொல்ல வேண்டும்.